படித்துறைக்குக் காவல் யார்?



திருச்சியைப் பற்றி வரலாற்றுக் கட்டுரை என்றால் மலைக்கோட்டை, அரங்கன் கோயில், கல்லணை இந்த மூன்றும்தான் முதலில் நினைவுக்கு வரும். நான் எடுத்துக்கொண்ட பொருள் கொஞ்சம் வேறு. நம் ஆற்றில் குளிக்க இறங்கியவர்களை அன்று யார் காத்தார்கள், எப்படிக் காத்தார்கள், இன்று யார் காக்கிறார்கள் என்பதே அது. "இதுக்கெல்லாம் கூட வரலாறு இருக்கா தாத்தா?" என்று என் பேத்தி கேட்டாள். இருக்கிறது அம்மா! சங்க காலத்தில் தொடங்கி, போன ஆடிப்பெருக்கு வரை வருகிற வரலாறு. நம் கல்லூரி விடுதியும் அதில் ஓரிடத்தில் வருகிறது.

முதலில் மூழ்கியவன்

காவிரி கொண்டுபோனவர்களில் நம் இலக்கியம் பெயர் சொல்லும் முதல் ஆள் ஆட்டனத்தி. அழகன், ஆட்டத்தில் வல்லவன். கழார் என்ற ஊரின் நீர்த்துறையில் புதுப்புனல் விழா. சோழன் கரிகாலன் சுற்றத்தோடு வந்து பார்க்கிறான். ஊரே கூடியிருக்க, ஆட்டனத்தியை ஆறு இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. அவன் மனைவி ஆதிமந்தி கரை நெடுகத் தேடி அலைகிறாள். அகநானூற்றில் பரணர் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார், வெள்ளிவீதியாரும் சொல்கிறார். மருதி என்னும் பெண் ஆட்டனத்தியை ஆதிமந்திக்குக் காட்டிக்கொடுத்துவிட்டுக் கடலில் புகுந்தாள் என்றும் பரணர் பாட்டில் வருகிறது. ஆதிமந்தியைக் கரிகாலன் மகள் என்று சிலப்பதிகாரம் சொல்லும்.

புலவர்கள் இதைக் காதல் கதையாகப் பார்த்தார்கள். நான் அறிவியல் மாணவன். எனக்கு வேறொன்று கண்ணில் படுகிறது. திருவிழா நாள், புதுவெள்ளம், அரசனே இருக்கிறான், கரை முழுக்க ஜனம், அப்படியும் காப்பாற்ற முடியவில்லை! கூட்டம் இருப்பது வேறு, காவல் இருப்பது வேறு. காவிரி நமக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் இதுதான்.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இன்னொரு கதையும் தெரியும். சித்ரா பௌர்ணமியன்று நம்பெருமாள் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளிக் கஜேந்திர மோட்சம் நடக்கும். முதலை வாயில் காலைக் கொடுத்த யானை "ஆதிமூலமே" என்று கதற, பெருமாள் ஓடி வந்து காக்கிறார். பக்தர்கள் கோபிக்காவிட்டால் ஒன்று சொல்வேன்: நம் படித்துறையின் முதல் உயிர்காப்பாளர் அரங்கனேதான்! ஆனால் யானைக்குக் கூப்பிட முடிந்தது. மனிதர்கள் மூழ்கும்போது பெரும்பாலும் கூப்பிடவே முடிவதில்லை. மூச்சுக்கே திணறுகிறவனுக்குக் குரல் எங்கிருந்து வரும்? கை ஆட்டவும் முடியாது. தலை ஒரு முறை மேலே வரும், உள்ளே போகும். ஒரு நிமிஷத்துக்குள் சத்தமில்லாமல் முடிந்துவிடும். பக்கத்தில் குளிப்பவன் "விளையாடுறான்" என்று நினைத்துக்கொண்டிருப்பான். ஆகவே குரல் கேட்டு ஓடி வரும் காவல் போதாது. கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் காவல் வேண்டும்.

ரெண்டு ஆறு, ரெண்டு குணம்

திருச்சிக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டரில் முக்கொம்பு. அங்கே காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே போவது காவிரி, வடக்கே போவது கொள்ளிடம். நடுவில் அரங்கத் தீவு. வடக்கு ஆற்றை வடதிருக்காவேரி என்பார்கள் ஸ்ரீரங்கத்துப் பெரியவர்கள்.

பார்க்க அக்காள் தங்கை போல இருந்தாலும் குணம் ஒன்றல்ல. கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, அகலம் அதிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தண்ணீரெல்லாம் கொள்ளிடத்தில் பாய்ந்து, காவிரி மணல் மேடிட்டுத் தஞ்சைக்குத் தண்ணீர் குறைந்தது. அதைச் சரிசெய்ய ஆர்தர் காட்டன் 1836-இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். பாசனத்துக்கான தண்ணீர் காவிரிக்கு, மிஞ்சிய வெள்ளம் கொள்ளிடத்துக்கு என்று ஏற்பாடு. வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்பதால்தான் கொள்ளிடம் என்பார்கள்.

குளிப்பவர்களுக்கு இதனால் என்ன? வருஷத்தில் பல மாதங்கள் கொள்ளிடம் வெறும் மணல்வெளி. பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். அங்கங்கே தேங்கி நிற்கும் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். மேலே மதகு திறந்தால் அதே இடத்தில் சில மணி நேரத்தில் ஓட்டம் வந்துவிடும். வானத்தில் ஒரு மேகம் இருக்காது, நம் ஊரில் ஒரு தூறல் விழுந்திருக்காது. ஆறு மட்டும் ஏறும். மழை எங்கோ குடகிலும் வயநாட்டிலும் பெய்திருக்கும்.

பழைய காவல்

படித்துறை என்பதே ஒரு பாதுகாப்பு ஏற்பாடுதான். ஒவ்வொரு படியாக இறங்குகிறவனுக்கு எந்தப் படியில் இடுப்பளவு, எந்தப் படியில் மார்பளவு என்று காலே சொல்லிவிடும். அம்மா மண்டபம், கருட மண்டபம், இக்கரையில் சிந்தாமணி, ஓடத்துறை என்று ஊர் நெடுகத் துறைகள். கடைசிப் படிக்குக் கீழே பாசி வழுக்கும், அதற்கப்பால் கசம் இருக்கும் என்பது அந்தந்தத் துறையில் தினம் குளிப்பவர்களுக்கு அத்துப்படி.

ஓடத்துறை என்ற பெயரைக் கவனியுங்கள். பாலம் வருவதற்கு முன் ஓடத்தில் அக்கரை போன காலத்தின் மிச்சம் அது. ஓடக்காரர்களும் மீன் பிடிப்பவர்களும் பரிசல்காரர்களும் எப்போதும் ஆற்றிலேயே இருந்தார்கள். சம்பளம் இல்லாத, சீருடை இல்லாத உயிர்காப்பாளர்கள் அவர்கள்தான். ஒருவன் தத்தளித்தால் மூங்கில் கழியை நீட்ட ஆள் இருந்தது.

கரையோரக் குடும்பங்களில் நீச்சல் என்பது தனிப் படிப்பு இல்லை. காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி விடுவார்கள். பிற்காலத்தில் லாரி டியூப் வந்தது. எங்கள் பாட்டியிடம் ஒரு சட்டமே இருந்தது: "புதுத்தண்ணி வந்தா மூணு நாள் ஆத்துல எறங்காதே. முழங்காலுக்கு மேல இழுத்தா மூணு படி மேல ஏறிக்கோ. தனியா போகாதே, சாப்பிட்ட உடனே போகாதே." சாப்பாட்டு விஷயத்தை விட்டுவிட்டால், மற்றவற்றை இன்றைய நிபுணர்களும் ஒப்புக்கொள்வார்கள். புதுவெள்ளம் மரக்கட்டை, முள் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு வரும். பள்ளம் தெரியாமல் கலங்கியிருக்கும். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பது பௌதிகம். பாட்டிக்குப் பௌதிகம் தெரியாது, முழங்காலுக்குத் தெரிந்திருந்தது.

இந்தப் பழைய காவலுக்கு அடிப்படை ஒன்றுண்டு. ஆறு ஒரு பஞ்சாங்கப்படி நடந்தது. ஆனியில் நீர் வரத்து, ஆடியில் பெருக்கு, ஐப்பசி கார்த்திகையில் மறுபடி வெள்ளம், பங்குனி சித்திரையில் ஊற்று. ஆடி மாதத்தில் அரங்கனே அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளிக் காவிரித் தாய்க்குச் சீர் தருவது அந்தப் பஞ்சாங்கத்தின் முத்திரை.

இருபத்து நாலாம் வருஷத்து வெள்ளம்

பஞ்சாங்கத்தை ஆறு மீறிய வருஷங்களும் உண்டு. 1924 ஜூலை வெள்ளத்தைப் பெரியவர்கள் ருத்ரோத்காரி போய் ரக்தாட்சி பிறந்த வருஷத்து வெள்ளம் என்று நினைவு வைத்திருந்தார்கள். திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் கரையோரப் பகுதிகளுக்குள் ஆறே புகுந்தது. அதே 1924-ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் சென்னை மாகாணத்துக்கும் மைசூருக்கும் காவிரி ஒப்பந்தம் ஆகியிருந்தது. 1925-இல் மேட்டூர் அணை வேலை தொடங்கி, 1934 ஆகஸ்டில் திறப்பு விழா நடந்தது.

மேட்டூர் வந்தபின் ஆற்றின் பஞ்சாங்கம் மாறிவிட்டது. ஜூன் 12 என்பது திறப்பு நாள். அங்கே திறந்த தண்ணீர் நமக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகும். வருமா வராதா என்பது மழையை மட்டுமல்ல, பக்கத்து மாநிலத்தையும் நீதிமன்றத்தையும் பொறுத்ததாயிற்று. அணை நிரம்பினால் நடு இரவிலும் திறப்பார்கள். ஆறு ஏறுவதும் இறங்குவதும் ஆனி ஆடியைப் பார்த்து அல்ல, மதகைப் பார்த்து. ஆனால் கரையில் நின்ற நாம் பழைய கணக்கிலேயே இருந்துவிட்டோம்.

விடுதியில் ஒரு ஞாயிறு

என் சம காலத்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு முகம் நினைவுக்கு வரும். பெயர் சொல்ல வேண்டாம். எழுபதுகளின் நடுவில், ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடுதியில் காலை டிபன் முடிந்ததும் ஏழெட்டுப் பேர் 1-ஆம் நம்பர் பஸ் பிடித்துப் பாலத்தருகே இறங்கினோம். "டேய், ஆத்துல தண்ணி ரெண்டு கரையும் போகுதுடா!" என்று கத்திக்கொண்டே ஓடினோம்.

எங்களில் நீச்சலில் சூரன் ஒருவன் உண்டு. ராமநாதபுரம் பக்கத்துக் கிராமம். கண்மாயில் இக்கரைக்கும் அக்கரைக்கும் நீந்தி வளர்ந்தவன். அவன்தான் முதலில் குதித்தான். நிற்கிற தண்ணீரில் கற்ற நீச்சல், ஓடுகிற தண்ணீரில் எவ்வளவு தூரம் செல்லும் என்று அவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. இருபது கஜம் போயிருப்பான். திரும்பி நாங்கள் நின்ற படியை நோக்கியே, ஓட்டத்தை எதிர்த்து நீந்தினான். கை ஓய்ந்துவிட்டது. இன்னொருவன் "பிடிச்சிட்டு வர்றேன்" என்று பாய்ந்தான்.

துணி வெளுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அவிழ்த்து வைத்திருந்த கொடிக்கயிற்றைச் சுருட்டி வீசினார். இரண்டாவதாகக் குதித்தவன் கையில் கயிறு சிக்கியது. முதலாமவனை மறுநாள் மாலை ரொம்பத் தூரம் கிழக்கே கண்டெடுத்தார்கள். அவன் அப்பா வந்து எங்கள் அறையில் அவன் டிரங்குப் பெட்டியை மூடிப் பூட்டியதை இன்றும் மறக்க முடியவில்லை. பூட்டிவிட்டுச் சாவியை எங்களிடமே நீட்டினார். பிறகு அவருக்கே தோன்றி வாங்கிக்கொண்டார்.

அந்தக் கயிறு வீசிய பெரியவர் அன்று சொன்னதை நான் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன்: "தம்பி, தண்ணியில கெடக்குறவனுக்குக் கயித்தைக் குடு, கழியைக் குடு, வேட்டியைக் குடு. கையைக் குடுக்காதே." உலகத்து உயிர்காப்புப் பயிற்சிகள் எல்லாவற்றிலும் முதல் பாடம் இதுதான் என்று பின்னால் படித்தபோது வியந்து போனேன். எட்டிக் கொடு, எறிந்து கொடு, படகில் போ. வேறு வழியே இல்லாவிட்டால்தான், அதுவும் பயின்றவன் மட்டும்தான், நீந்திப் போ. அந்தப் பெரியவர் எந்தச் சங்கத்திலும் பயின்றவரல்லர். அப்படிப்பட்ட அறிவு உலகில் எப்படிச் சங்கமாகவும் சம்பளப் பணியாகவும் ஆயிற்று என்பதை இங்கே பார்ப்பது பொருந்தும்.

ஆம்ஸ்டர்டாமிலிருந்து சிட்னிவரை

பதினெட்டாம் நூற்றாண்டுவரை ஐரோப்பாவிலும் "தண்ணீரில் போனவன் போனவன்தான்" என்றே இருந்தார்கள். கால்வாய் நிறைந்த ஆம்ஸ்டர்டாம் நகரில் 1767-இல் சில குடிமக்கள் கூடி, மூழ்கியவர்களை மீட்பதற்கென்றே ஒரு சங்கம் கண்டார்கள். மீட்பவருக்குப் பரிசு, மீட்கும் முறை பற்றி அச்சிட்ட குறிப்பு. இதைப் பார்த்து 1774-இல் லண்டனில் வில்லியம் ஹாஸ், தாமஸ் கோகன் என்ற இரண்டு மருத்துவர்கள் அதேபோல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அன்றைய சிகிச்சை முறைகளைக் கேட்டால் சிரிப்பு வரும். மூழ்கியவனைப் பீப்பாய் மேல் உருட்டுவார்கள். ஆசனவாயில் புகையிலைப் புகையை ஊதுவார்கள்! நம் ஊரில் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றியதும் வயிற்றை அமுக்கியதும் இந்த வகைதான். வாயோடு வாய் வைத்து ஊதுவதே சிறந்தது என்று ஜேம்ஸ் இலாம், பீட்டர் சஃபர் என்ற அமெரிக்க மருத்துவர்கள் நிலைநாட்டியது 1950-களில். நெஞ்சை அழுத்தி இதயத்தை ஓட்டும் முறை பற்றி ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் எழுதியது 1960-இல். அதாவது, இந்த அறிவு நம்மில் பலரின் வயதுதான் ஆனது.

கடற்கரைக் காவலின் கதை ஆஸ்திரேலியாவில் சுவையானது. பகல் வேளையில் எல்லோர் கண்ணிலும் படும்படி கடலில் குளிப்பது அங்கே சட்டப்படி குற்றமாக இருந்தது. 1902-இல் மேன்லி என்ற கடற்கரையில் வில்லியம் கோச்சர் என்ற பத்திரிகைக்காரர் முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் பகலில் இறங்கிக் குளித்தார். தடை தளர்ந்தது. ஜனம் திரண்டது, மூழ்குவோரும் பெருகினார்கள். உடனே "மறுபடி தடை போடு" என்று சொல்லாமல், குளிக்க வந்த இளைஞர்களே தொண்டர் சங்கம் அமைத்தார்கள். 1907 வாக்கில் பாண்டை முதலிய கடற்கரைகளில் சங்கங்கள் வந்துவிட்டன. நீண்ட கயிறு சுற்றிய ராட்டினம் ஒன்றைக் கரையில் வைத்து, கயிற்றை இடுப்பில் கட்டிய ஒருவன் நீந்திப் போய்ப் பிடிக்க, கரையில் நிற்பவர்கள் சுற்றி இழுப்பார்கள். நம் படித்துறைப் பெரியவரின் கொடிக்கயிறுதான், கொஞ்சம் நீளம்!

1938 பிப்ரவரி 6-ஆம் தேதி, ஒரு ஞாயிறு. பாண்டை கடற்கரையில் அடுத்தடுத்து வந்த பேரலைகள் திரும்பும்போது நூற்றுக்கணக்கானவர்களை உள்ளே இழுத்துக்கொண்டன. ஐந்து பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 250 பேரைத் தொண்டர்கள் கரை சேர்த்தார்கள். அந்த நேரத்தில் கயிறும் பயின்ற ஆட்களும் கரையிலேயே நின்றதால்தான் இது நடந்தது. கூட்டம் வேறு, காவல் வேறு என்று மேலே சொன்னேன் அல்லவா? கழாரில் இல்லாதது பாண்டையில் இருந்தது.

மெரினாவும் கோவாவும்

கல்லூரிச் சுற்றுலா என்றால் நம் பையன்கள் கால் வைக்கும் முதல் கடல் மெரினா அல்லது வேளாங்கண்ணி. மெரினாவின் அகன்ற மணல்வெளியே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகச் சுவர் கட்டியதால் தெற்கே மணல் ஒதுங்கி உண்டானது. 1884-இல் கவர்னர் கிராண்ட் டஃப் அதில் உலாவும் சாலை அமைத்தார். நடக்க நல்ல இடம், குளிக்க அல்ல. குளிக்கத் தடை என்று பலகை இருக்கிறது. பலகை பக்கத்திலேயே சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குகிறார்கள்.

கரைக்கு வந்த அலைத்தண்ணீர் திரும்பிப் போக ஒரு குறுகிய வழியைப் பிடித்துக்கொண்டு வேகமாக உள்ளே ஓடும். அந்த இடத்தில் அலை குறைவாகத் தெரியும். "இங்கதான் அமைதியா இருக்கு" என்று விவரமில்லாதவர் அங்கேயே இறங்குவார். அந்த ஓட்டத்தை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தினால் பலம் தீர்ந்துவிடும். பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் கொஞ்சம் நீந்தி விலகினால் தப்பலாம். ஆற்றிலும் இதே தத்துவம். ஓட்டத்தை எதிர்க்கக் கூடாது. மல்லாந்து, கால் முன்னே போகும்படி மிதந்து, கோணலாகக் கீழ்த்திசைக் கரையை நோக்கி ஒதுங்க வேண்டும். எங்கள் ராமநாதபுரத்து நண்பனுக்கு இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் இந்த ஆண்டு மலரை அவனும் வாசித்துக்கொண்டிருப்பான்.

கோவா அரசு 2008-இல் தன் கடற்கரைகளின் உயிர்காப்பை முழுநேரப் பணியாக ஒரு தனியார் அமைப்பிடம் ஒப்படைத்தது. கோபுரம், கொடி, சீருடை, மாதச் சம்பளம். சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே குளி, செங்கொடி என்றால் இறங்காதே. சென்னையிலும் அண்மை ஆண்டுகளில் மெரினாவில் காவல் துறை உயிர்காப்பு ஏற்பாடுகளைச் செய்திருக்கிறது. கடலுக்கு இப்படி ஒரு வழி பிறந்துவிட்டது. ஆற்றுக்கு?

இன்றைய காவிரி

ஆடிப் பதினெட்டன்று அம்மா மண்டபத்தில் பாருங்கள். சவுக்குக் கட்டைத் தடுப்பு, போலீஸ் மைக், தீயணைப்பு மீட்புப் படையினர், ரப்பர் படகு என்று அமர்க்களப்படும். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் இதுபோல் நடக்கிறது. ஆனால் ஆடிப் பத்தொன்பதாம் நாள் காலை? கட்டை போய்விடும், ஆறு போகாது. நம்மை விட்டுப் பிரிந்தவர்களில் பலர் போனது திருவிழா நாளில் அல்ல, ஆளில்லாத சாதாரண நாளில், ஆளில்லாத துறையில்.

இதற்குள் ஆறும் உருவம் மாறிவிட்டது. கொள்ளிடத்தில் மணல் அள்ளிய இடங்களில் கிணறு மாதிரி குழிகள். தண்ணீர் நிரம்பியதும் குழியும் தரையும் ஒரே மட்டமாகத் தெரியும். முழங்கால் தண்ணீரில் நடக்கிறவன் அடுத்த அடியில் காணாமல் போவான். எந்தப் படியில் எவ்வளவு ஆழம் என்று காலுக்குத் தெரிந்திருந்த பழைய அறிவு இங்கே செல்லாது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் 1928-இல் கட்டிய பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண் சரிந்ததும், ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் காட்டன் காலத்து அணையின் ஒன்பது மதகுகள் அடித்துப் போனதும் நாம் கண்ணால் பார்த்தவை. இரும்பும் கல்லும் நிற்காத இடத்தில் மனிதன் எம்மாத்திரம்!

2023 மே மாதம், கோடை விடிகாலையில் கொள்ளிடத்தில் குளிக்கப் போன ஸ்ரீரங்கம் வேதபாடசாலை மாணவர்கள் மூவர் நீரில் மூழ்கி இறந்தார்கள். சின்னப் பிள்ளைகள். ஆடியும் இல்லை, மழையும் இல்லை. பாட்டி சொன்ன சட்டத்தில் "சித்திரையில் எறங்காதே" என்று எங்கும் இல்லையே! பழைய பஞ்சாங்கம் இனி நம்மைக் காக்காது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் மூழ்கி இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறது. நம் நாட்டில், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் 30,000-க்கும் மேல். பெரும்பாலும் கடலில் அல்ல. ஆறு, குளம், கிணறு, குட்டை. கடற்கரைக்கு வரும் சுற்றுலாப் பயணிக்குக் கோபுரம் கட்டுகிறோம். வீட்டுப் பக்கத்து ஆற்றில் இறங்கும் பிள்ளைக்கு ஒரு கயிறு கூடத் தொங்கவிடுவதில்லை.

செய்யக் கூடியவை

நான் பொறியாளனும் அல்ல, அதிகாரியும் அல்ல. கண்டதையும் படித்ததையும் வைத்து நாலு வார்த்தை சொல்கிறேன்.

முதலாவது, முக்கியமான படித்துறைகளில் வருஷம் முழுவதும், குறைந்தபட்சம் ஆனி முதல் கார்த்திகை வரையிலாவது, சம்பளத்தோடு உயிர்காப்பாளர் வேண்டும். ஆளுக்கு எங்கும் அலைய வேண்டாம். ஆற்றோர மீனவக் குடும்பத்து இளைஞர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் சீருடையும் கொடுத்தால் போதும். ஓடத்துறைக்காரர்களின் பேரன்கள் அவர்கள். ஆறு அவர்களுக்குச் சொந்தக்காரி.

இரண்டாவது, முக்கொம்பிலும் மாயனூரிலும் மதகு ஏறும்போது அந்தச் செய்தி கீழே உள்ள துறைகளுக்கு ஒலிபெருக்கி மூலமாகவோ சங்கு மூலமாகவோ முன்னதாகவே வர வேண்டும். தண்டோரா போட்ட காலம் போய்விட்டது; கைபேசிக் காலத்தில் இது முடியாததல்ல.

மூன்றாவது, ஒவ்வொரு துறையிலும் ஒரு நீளக் கயிறு, ஒரு மிதவை வளையம், ஒரு மூங்கில் கழி. இவற்றின் விலை நம் மலரின் அச்சுக்கூலியை விடக் குறைவு.

நான்காவது உங்களுக்கு, மாணவர்களே. அண்ணா விளையாட்டரங்கத்தில் நீச்சல்குளம் இருக்கிறது, கற்றுக்கொள்ளுங்கள். குளத்தில் கற்ற நீச்சல் ஆற்றுக்குப் போதாது என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். யாராவது மூழ்கினால் குதிக்காதீர்கள். எதையாவது எறியுங்கள், ஆளைக் கூப்பிடுங்கள். வெளியே எடுத்தபின் வயிற்றை அமுக்காதீர்கள், தலைகீழாகத் தூக்காதீர்கள். மூச்சு இல்லை என்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாய் வழியாக ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 முறை அழுத்தம், 2 முறை மூச்சு என்று 108 ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் செய்யுங்கள். மூளை பிராணவாயு இல்லாமல் தாங்குவது நாலைந்து நிமிஷம்தான். ஆம்புலன்ஸ் அதற்குள் வராது. கரையில் நிற்கிற நீங்கள்தான் வர வேண்டும்.

நிறைவாக நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். ஐக்கிய நாடுகள் சபை 2021-இல் ஒரு தீர்மானம் இயற்றி, ஜூலை 25-ஐ உலக நீரில் மூழ்குதல் தடுப்பு நாளாக அறிவித்தது. நம் கணக்கில் அது ஆடி மாதத்தின் இரண்டாவது வாரம். ஆடிப்பெருக்குக்கு இன்னும் எட்டொன்பது நாள் இருக்கும். யார் திட்டமிட்டார்களோ தெரியாது, காவிரிக்கரைக்கென்றே குறித்த நாள் போல இருக்கிறது! ஆண்டுதோறும் ஜூலை 25-க்கும் ஆடிப் பதினெட்டுக்கும் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் கல்லூரி விடுதியில் புதிதாகச் சேர்ந்த மாணவர் அனைவருக்கும் கயிறு எறியவும் மூச்சு கொடுக்கவும் ஒரு நாள் பயிற்சி முகாம் நடத்துவோம். செலவில் ஒரு பங்கை எங்கள் அணி ஏற்கும் என்று நண்பர்களைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். இதைப் பொதுக்குழுவில் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

வெளியூர்ப் பிள்ளைகள் இன்றும் நம் விடுதிக்கு வருகிறார்கள். கண்மாயில் நீந்தியவர்கள், கிணற்றில் நீந்தியவர்கள், நீந்தவே தெரியாதவர்கள். ஆடியில் ஆற்றில் தண்ணீர் வந்த செய்தி கேட்டால் அவர்கள் கால் நிற்காது, நிற்கவும் வேண்டாம். காவிரியில் குளிக்காமல் திருச்சியில் படித்தேன் என்று சொல்வதில் என்ன பெருமை? போகட்டும், குளிக்கட்டும். டிரங்குப் பெட்டியைத் தாங்களே பூட்டி, தாங்களே ஊருக்கு எடுத்துப் போகட்டும்.